வெள்ளணுக்களின் மேற்குறிகளும் அவற்றின் பொதுப்பெயரும்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. கல்வி நிதி, கலியாணச் செலவைக் குறைத்தல், மாணவர் விடுதி முதலியவற்றைக் குறித்தே இம்மேடையிற் பலரும் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் மேற்புறத்தில் அமைந்த சில புரதங்களைப்பற்றிப் பேசுவது இங்கே எதற்கென்று சிலர் எண்ணுதல் கூடும். அதற்குக் காரணம் உண்டு.

சில மாதங்களுக்குமுன் நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நம் கையிற் கொடுத்தார். அவர் தமக்கையின் மகனுக்குச் செய்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு அது. சிறுவனுக்கு வயது ஏழு. இரத்தப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டனர். அத்தாளில், சி.டி.10 உண்டு, சி.டி.19 உண்டு, சி.டி.34 உண்டு, சி.டி.3 இல்லை என்றவாறு ஒரு நிரல் காணப்பட்டது. அன்பர் கண் கலங்கி, “ஐயா, இந்த எண்கள் பெரிதாயிருந்தால் நல்லதா, சிறிதாயிருந்தால் நல்லதா? இந்த முப்பத்து நான்கு ஆபத்தான கணக்கா?” என்று கேட்டார். அன்று இரண்டு வார்த்தையில் விடை சொல்லி அனுப்பினோம். இத்தகைய தாள் இன்று ஒரு வீட்டிற்கு வருகிறது. நாளை வேறொரு வீட்டிற்கு வரலாம். ஆதலின் அவ்விடையை இன்று சற்று விரித்துக் கூறுகின்றோம்.

சுகமாயிருக்கும் ஒருவருடைய இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டரில், ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. இவை உடம்பிற்குள் நுழையும் நோய்க்கிருமிகளை எதிர்ப்பன. இவற்றுள் லிம்போசைட்டு என்னும் வகை ஒன்று. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் லிம்போசைட்டுகளெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். உருண்டையான சிறு உடல், அதனுள் கறுத்துப் பெரிதாய் ஒரு உட்கரு, அவ்வளவே காணலாம். ஆனால் அவை செய்யும் தொழில்களோ வெவ்வேறு. ‘பி’ வகையைச் சேர்ந்தவை எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் செய்து விடுகின்றன. ‘டி’ வகையைச் சேர்ந்தவற்றுள் சில மற்ற அணுக்களைத் தூண்டி உதவுகின்றன. சில, கிருமி புகுந்து கெட்டுப்போன அணுக்களைக் கொல்லுகின்றன. ஒரே விதமான வேஷ்டியும் அங்கவஸ்திரமும் தரித்துப் பந்தியில் அமர்ந்திருப்போரைத் தூரத்திலிருந்து நோக்கினால், இன்னார் வைத்தியர், இன்னார் வக்கீல், இன்னார் கணக்கர் என்று கூற முடியுமோ? அணுக்களின் விஷயத்திலும் சாஸ்திரிகள் நெடுங்காலம் அந்த நிலையிலேதான் இருந்தனர்.

உருவம் ஒன்றாயினும் அவற்றின் மேற்புறம் ஒன்றன்று. ஒவ்வோர் அணுவின் மேலும் பற்பல புரதங்கள் பதிந்து நிற்கின்றன. அணு வெளியிலிருந்து செய்தி பெறுவதும், பிற அணுக்களோடு ஒட்டிக்கொள்வதும், பகைவனை அறிவதும் இப்புரதங்களாலேயே. தொழிலுக்கேற்றபடி இவை வேறுபடுதலால், மேற்புரதத்தை அறிந்தால் அணுவின் தொழிலை அறியலாம். ஆனால் அறிவது எங்ஙனம்? முதலிற் கிடைத்த வழி மிகவும் எளியது. மனிதனுடைய டி அணுக்களோடு ஆட்டின் செவ்வணுக்களைக் கலந்தால், அவை டி அணுவைச் சுற்றி ரோஜாப்பூவின் இதழ்போல் ஒட்டிக்கொள்ளும். பி அணுக்களில் அவ்வாறு ஒட்டா. இதைக்கொண்டு இரு வகையையும் ஓரளவு பிரித்தறிந்தனர். இப்பூ மலர்வதற்குக் காரணமான புரதமே பின்னாளில் சி.டி.2 என்று பெயர் பெற்றது. எனினும், டி அணுக்களுக்குள்ளேயே உதவுவது எது, கொல்லுவது எது என்று பிரிக்க இம்முறை பயன்படவில்லை.

இந்த இருளில் விளக்கேற்றியது 1975-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிசாலையில், அர்ஜென்டீனா தேசத்தவரான சீசர் மில்ஸ்டீன் என்பவரும், ஜெர்மானியரான ஜார்ஜ் கோலர் என்பவரும் சேர்ந்து உழைத்து வந்தனர். எதிர்ப்பொருளைச் செய்யும் அணு சில நாளில் மடிந்துவிடும். புற்று அணுவோ மடியாமற் பெருகும். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் அணுவையும், ஒரு வகைப் புற்று அணுவையும் அவர்கள் ஒன்றாக இணைத்துவிட்டனர். இணைந்த அணு, தாயின் தொழிலும் தந்தையின் ஆயுளும் பெற்ற பிள்ளையைப் போல, ஒரே விதமான எதிர்ப்பொருளை ஓயாது செய்து தந்தது. அவ்வெதிர்ப்பொருள் தனக்குரிய ஒரு புரதத்தில் மட்டும் சென்று ஒட்டும், வேறொன்றையும் தீண்டாது. பூட்டு ஒன்றிற்குத் திறவுகோல் ஒன்று என்பதுபோலக் கொள்க. இதற்காக அவ்விருவருக்கும், நீல்ஸ் ஜெர்னே என்பவருக்கும் 1984-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இம்முறைக்கு உரிமைப் பட்டயம் எடுக்கப்படாமையால் எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் இதைக் கையாள முடிந்தது.

திறவுகோல் பூட்டில் நுழைந்ததா என்று கண்ணாற் காண வேண்டுமே! எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைக்கும் முறையை ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்கர் 1941-இலேயே வெளியிட்டிருந்தார். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் லென்னர்டு ஹெர்சன்பர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இயந்திரத்தைச் சமைத்தனர். அதில் அணுக்கள் மெல்லிய நீர்த்தாரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. குறுக்கே லேசர் ஒளி விழுகிறது. சாயம் ஒட்டிய அணு ஒளிர்கிறது, ஒட்டாதது ஒளிர்வதில்லை. இயந்திரம் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அணுக்களை இவ்வாறு பார்த்துக் கணக்கெடுத்துவிடும். வேண்டியவற்றைத் தனியே பிரித்து வேறு பாத்திரத்தில் விழச் செய்யவும் அதனால் முடியும்.

கருவி கிடைத்தது, கூடவே ஒரு குழப்பமும் வந்தது. 1970-களின் கடைசியில் பல ஆராய்ச்சிசாலைகள் எதிர்ப்பொருள்களைச் செய்து குவித்தன. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி பெயரிட்டது. உதவி செய்யும் டி அணுக்களின் மேலுள்ள ஒரு புரதத்தை ஒருவர் ஓ.கே.டி.4 என்றார், மற்றொருவர் லியு-3 என்றார், வேறு சிலர் டி4 என்றனர். கொல்லும் அணுக்களின் குறியையும் அவ்வாறே ஒருவர் டி8 என்றும், ஒருவர் லியு-2 என்றும் அழைத்தனர். இரண்டு நகரங்களில் இரண்டு வைத்தியர்கள் ஒரே நோயாளியின் இரத்தத்தைப் பார்த்து எழுதிய முடிவுகளை ஒப்பிட வழியில்லாது போயிற்று. இருவர் சொல்வதும் ஒரு பொருளையோ இரு பொருளையோ என்பதே தெரியாதபோது, எண்ணிக்கை எவ்வளவு சரியாயிருந்து என்ன பயன்?

இதற்குப் பரிகாரமாக 1982-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில், லாரன்ஸ் பும்செல், ஆலன் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர்களின் முயற்சியால், பல தேசத்தாரும் சேர்ந்த கூட்டாய்வு நடந்தது. இக்கூட்டாய்வுகளின் முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் ஆராய்ச்சிசாலையும் தான் செய்த எதிர்ப்பொருளைப் பொதுவில் ஒப்படைக்க வேண்டும். அவை பல இடங்களுக்கும் அனுப்பப்பட்டு, பல வகை அணுக்களின்மேற் சோதிக்கப்படும். எவையெவை ஒரே வகை அணுக்களில் ஒட்டி, ஒரே வகையில் ஒட்டாதிருந்தனவோ, அவற்றைக் கணித முறையால் ஒரு கொத்தாகச் சேர்ப்பர். ஒருவர் செய்த ஒரே எதிர்ப்பொருளை நம்பி ஒரு புரதத்திற்கு நிலையான எண் கொடுப்பதில்லை. தனித்தனியே செய்யப்பட்ட இரண்டேனும் ஒரே சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி போதாதவிடத்து எண்ணுக்குமுன் ஓர் எழுத்தைச் சேர்த்துத் தற்காலிகமாக வைத்திருப்பர். வேறுபாட்டுக் கொத்து என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே ‘சி.டி.’ என்பன.

ஓ.கே.டி.4, லியு-3, டி4 எல்லாம் அன்றுமுதல் சி.டி.4 ஆயின. பிறகு 1984-இல் பாஸ்டனிலும், 1986-இல் ஆக்ஸ்போர்டிலும், 1989-இல் வியன்னாவிலும், 1996-இல் ஜப்பானிலுள்ள கோபேயிலும், 2004-இல் ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டிலும் எனக் கூட்டாய்வுகள் தொடர்ந்தன. இன்று எண்கள் 370-ஐத் தாண்டிவிட்டன. தாம் இட்ட பெயரே நிற்கவேண்டுமென்று ஒவ்வொருவரும் பிடிவாதம் செய்திருந்தால் இக்காரியம் நடந்திராது. தம் பெயரை விட்டுப் பொதுப்பெயரை ஏற்றமையாலேயே அவர்களுடைய உழைப்பு உலகிற்குப் பயன்பட்டது. சங்கம் நடத்தும் நாம் இதை மனத்திற் கொள்ளுதல் நலம்.

இனி அன்பருடைய கேள்விக்கு வருவோம். சி.டி.34 என்பது ஓர் அளவன்று, ஒரு பெயர். தெருவில் 34-ஆம் எண் வீடு 10-ஆம் எண் வீட்டைவிடப் பெரியதென்று யாரும் கருதார். அதுபோலவே இவ்வெண்களும் அப்புரதங்கள் அடையாளங் காணப்பட்ட வரிசையைத் தழுவியனவேயன்றி, உயர்வு தாழ்வையோ நன்மை தீமையையோ காட்டுவன அல்ல. சிறுவனுடைய தாள் சொல்வது இது: கெட்ட அணுக்களில் சி.டி.10-உம் சி.டி.19-உம் இருத்தலால் அவை பி அணுக்களின் கிளையிற் தோன்றியவை, சி.டி.3 இல்லாமையால் டி அணுக்களின் கிளையல்ல, சி.டி.34 இருத்தலால் முதிராத இளநிலையிலேயே நின்றுவிட்டவை. கிளை தெரிந்தால்தான் மருந்து தெரியும். சிறுவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையே. நல்ல வைத்திய வசதியுள்ள செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட சிறுவர்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். வைத்தியம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும், நடுவில் நிறுத்தலாகாது.

அத்துடன், முதல் மாத வைத்தியம் முடிந்தபின் இதே சோதனையை மறுபடியும் செய்வர். பூதக்கண்ணாடியில் நோய் முற்றும் மறைந்துவிட்டதாகத் தோன்றும்போதுகூட, இக்குறிகளைக்கொண்டு பதினாயிரம் அணுக்களில் ஒரு கெட்ட அணு மறைந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம். மருந்தைக் கூட்டுவதா, போதுமா என்பதை வைத்தியர் அதைப் பார்த்து முடிவு செய்வர். ஆகையால் அவ்விரண்டாம் தாளுக்குச் செலவாகிறதேயென்று யாரும் பின்வாங்கக் கூடாது.

குறிகளைப்பற்றி இன்னுமொரு செய்தி. அவை மாறாதன அல்ல. இரத்தத்தின் எல்லா அணுக்களுக்கும் எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுவே தாய். அத்தாயின் மேல் சி.டி.34 உண்டு. மகவு முதிர்ந்து தன் தொழிலை ஏற்கும்போது அக்குறி நீங்கி வேறு குறிகள் தோன்றுகின்றன. தைமஸ் என்னும் சுரப்பியில் வளரும் டி அணு, ஒரு பருவத்தில் சி.டி.4, சி.டி.8 ஆகிய இரண்டையும் தாங்கி நிற்கும். வெளிப்படும்போது ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்ளும். ஆதலின் குறியானது அணு எந்தப் பருவத்தில் நின்று எத்தொழிலைச் செய்கிறதென்பதைக் காட்டுவது. பிறப்பாலோ எல்லாம் ஒரே தாயின் மக்கள்.

பொதுப்பெயரின் அருமை விளங்கியது ஒரு பெருந்துன்பத்தின்போது. 1981 ஜூன் மாதம் 5-ஆம் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு அபூர்வமான நுரையீரல் நோய் கண்ட செய்தி அரசாங்க வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. அங்கிருந்த வைத்தியர்கள், புதிதாய்க் கிடைத்த எதிர்ப்பொருள்களைக் கொண்டு அத்தகைய நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தனர். உதவி செய்யும் டி அணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. அதுவே பின்னர் எய்ட்ஸ் எனப்பட்டது. 1983-இல் பாரிஸ் நகரத்தில் அந்நோயின் கிருமி கண்டறியப்பட்டது. அக்கிருமி உதவி அணுக்களை மாத்திரம் தேடி அழிப்பது ஏன்? 1984-இன் கடைசியில் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் விடை வந்தது. லண்டன் ஆராய்ச்சியாளர் 155 எதிர்ப்பொருள்களைச் சோதித்தனர். அவற்றுள் சி.டி.4-இல் ஒட்டக்கூடியவை 14. அந்தப் பதினான்கும் கிருமியைத் தடுத்துவிட்டன. அணுவின் அடையாளக் குறியாகிய சி.டி.4-ஐயே கிருமி கதவாகக் கொண்டு உள்ளே புகுகிறதென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நம் நாட்டில் இக்கிருமி முதன்முதல் அறியப்பட்டது சென்னையில், ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய டாக்டர் சுநிதி சாலமன் அவர்களுடைய முயற்சியால் அது வெளியாயிற்று. பலரும் முகஞ்சுளித்து விலகிய காலத்தில், அந்நோயாளிகளுக்காகவே உழைத்து, 2015-இல் அம்மையார் மறைந்தார். சுகமுள்ளவரிடம் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் பெரும் அபாயம். இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 என்பது பெயர். 500 என்பது எண்ணிக்கை. முன்னது மாறாது, பின்னது வைத்தியத்தால் உயரும். முன்பு இவ்வெண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குத் தாழ்ந்த பிறகே மருந்து தொடங்குவர். 2015-இல் உலக சுகாதார நிறுவனம், கிருமி உண்டென்று தெரிந்தவர் எல்லோருக்கும், எண்ணிக்கை எதுவாயினும், உடனே மருந்து தரவேண்டுமென்று அறிவித்தது. 2017 முதல் இந்தியாவிலும் அதுவே முறை. 2004 முதல் அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது. மருந்தை ஒழுங்காக உண்பவர் நெடுநாள் வாழலாம். ஆகவே, நம்மவருள் யாருக்கேனும் இந்நோய் இருப்பதாகத் தெரிந்தால், பந்தியிலிருந்து விலக்குவதும், அவ்வீட்டில் பெண் கொடுக்க மறுப்பதும் அறியாமையாகும். கூட உட்கார்ந்து உண்பதால் இது பரவாது.

குறியை அறிந்ததன் அடுத்த பயன், குறிபார்த்து எய்யும் மருந்து. பி அணுக்களின் மேலுள்ள சி.டி.20-இல் ஒட்டும் எதிர்ப்பொருளாகிய ரிட்டுக்ஸிமாப், ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நல்ல பி அணுக்களையும் சேர்த்தே அழிக்கும். ஆனால் மஜ்ஜையிலுள்ள மூல அணுவின் மேல் சி.டி.20 இல்லை, ஆதலின் சில மாதங்களில் புதிய பி அணுக்கள் மறுபடியும் பிறந்துவிடுகின்றன. கதிரை அறுத்தாலும் விதைநெல் பத்திரமாயிருப்பது போன்றது இது. பிறகு, நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, சி.டி.19-ஐக் கண்டறியும்படி திருத்தி, மறுபடி உடம்பிற் செலுத்தும் முறை வந்தது. 2012-இல் பிலடெல்பியா நகரத்தில், வேறு வைத்தியம் பலிக்காத எமிலி ஒயிட்ஹெட் என்னும் ஆறுவயதுச் சிறுமிக்கு அதைச் செய்தனர், அவள் பிழைத்தாள். 2017-இல் அம்முறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான அத்தகைய வைத்தியம் ஒன்றுக்கு 2023-இல் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது. செலவு இன்னும் பெரிதுதான்.

இவ்வளவும் கேட்டு, பெயரறிந்தால் எல்லாம் அறிந்ததாகும் என்று எண்ணிவிடலாகாது. 2006 மார்ச்சு மாதத்தில் லண்டனில், சி.டி.28-ஐத் தூண்டும் ஒரு புதிய மருந்தைச் சுகமுள்ள ஆறு ஆடவர்களுக்குச் சோதனையாகச் செலுத்தினர். குரங்குகளிடத்து அது தீங்கு செய்யவில்லை. அவ்வறுவரோ சில மணி நேரத்திற்குள் உறுப்புக்கள் செயலிழந்து அபாய நிலையை அடைந்தனர். தீவிர வைத்தியத்தால் உயிர் தப்பினர். அக்குரங்குகளின் ஒருவகை டி அணுக்களில் சி.டி.28 இல்லையென்பதும், மனிதனுடைய அதே வகை அணுக்களில் அது உண்டென்பதும் பின்னரே தெரிந்தது. குறியின் பெயரை அறிவது முதற்படி. அது எங்கெங்கே இருக்கிறது, என்னென்ன செய்கிறது என்பதை அறிவது அடுத்த படி. முதற்படியில் நின்று மாடிக்கு வந்துவிட்டதாக எண்ணினால் விழ நேரிடும்.

அன்பர்களே! நாம் வேண்டிக்கொள்வது மூன்று. இத்தகைய தாள் உங்கள் வீட்டிற்கு வந்தால் எண்ணைக் கண்டு அஞ்சாமல், இக்குறி எதைக் காட்டுகிறதென்று வைத்தியரையே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. தொடங்கிய வைத்தியத்தைப் பணமுடையால் நடுவில் நிறுத்தாதீர்கள். முடை வந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். நோயுற்றவரை ஒதுக்காதீர்கள்.

அந்தச் சிறுவனுடைய இரண்டாம் தாள் சென்ற மாதம் வந்தது. தேடிய கெட்ட அணு அதில் அகப்படவில்லை. வைத்தியம் இன்னும் இரண்டு ஆண்டுகள் நடக்கவேண்டும். அன்பர் இம்முறை, “ஐயா, முப்பத்து நான்கைக் காணோம்” என்று சிரித்துக்கொண்டே வந்தார். அச்சிரிப்பே இன்று நம்மைப் பேசச் செய்தது.